அக்கா, நிறுத்தச் சொல்லு

அக்காவின் லாரி ஐஸ் ஏற்றிக்கொண்டு புறப்படும், தண்ணீர் இறக்கிவிட்டுத் திரும்பும். ஒரு மாதமாக இதுதான் கூத்து. ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக அடுக்கி, மரத்தூள் தூவி, சாக்குப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். வழியில் ஒரு மேடு. முன்பெல்லாம் அந்த மேட்டைச் சட்டை செய்யாமல் ஏறிய வண்டி இப்போது பாதியில் இருமும். சைலன்சரில் டமார் டமார் என்று வெடிக்கும். ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும். அது ஆறி, மறுபடி கிளம்பி, மீன் ஏலக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது பின்பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்.

ஏலக்கூடத்து ஆட்கள் முதலில் திட்டினார்கள். அப்புறம் சிரித்தார்கள். அதற்கும் அப்புறம் வாளியோடு வந்து நின்றார்கள். ஒரு புண்ணியவான் தன் ஸ்கூட்டரை லாரிக்குப் பின்னால் நிறுத்திக் கழுவிக்கொண்டு, போகும்போது "நாளைக்கும் இதே நேரந்தானேக்கா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

ஐஸ் கம்பெனி மேனேஜர் அவ்வளவு நல்லவர் இல்லை.

"எங்க போர்டுல என்னம்மா எழுதியிருக்கு? ஐஸ்னு எழுதியிருக்கு. தண்ணி அவங்க வீட்டுக் குழாயிலயே வருது. நாளைக்குக் காலையில போற லோடு ஐஸாவே போய்ச் சேரணும். சேரலன்னா நீங்க இனிமே வர வேணாம். வேற வண்டி பாத்து வெச்சிட்டேன்."

அக்காவுக்குத் தெரிந்த தொழில் லாரி ஓட்டுவது ஒன்றுதான். சொந்தமென்று இருப்பதும் அந்தப் பழைய பெட்ரோல் லாரி ஒன்றுதான். வீட்டுக்காரர் தையல்காரர், நல்ல மனிதர், பெண்களின் ரவிக்கையை நாலு தடவை பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு ஒரு தடவைக்கான கூலியைக்கூடக் கூச்சத்தோடு வாங்குகிறவர். அவரை நம்பி அடுப்பு எரியாது. அவள் வண்டியை நேராக மேட்டின் அடிவாரத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள்.

ஒர்க்‌ஷாப் அவளுடைய இரண்டு தம்பிகளுடையது. பெரியவன், சின்னவன். இரண்டு பேருமே கெட்டிக்கார மெக்கானிக்குகள். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசி மூன்று வருடம் ஆகிறது.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவர்கள் எதிரில் சிரித்துவிடக் கூடாது. காரணம் ஒரு மேஜை ஃபேன். அது தலையை ஆட்டி ஆட்டிச் சுற்ற வேண்டும் என்றான் பெரியவன். ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்றான் சின்னவன். ஒருவன் ஃபேன் தலையில் இருக்கும் குமிழை அழுத்துவான், இன்னொருவன் தூக்குவான். கடைசியில் குமிழ் கையோடு வந்துவிட்டது. அன்று பேசிய பேச்சில் "இனிமே இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என் பேரை மாத்திக்கறேன்" என்று இருவரும் சபதம் போட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஃபேன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது. இருவரும் வியர்த்துக் கொட்டியபடி வேலை செய்கிறார்கள். யாராவது அதைத் திருப்பி வைத்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமாம்.

பேசாமல் எப்படிக் கடை நடத்துவது? அதற்குத்தான் அக்கா இருக்கிறாளே.

"அக்கா, உன் தம்பிகிட்ட பதிமூணு சைஸ் ஸ்பானர் கேளு," என்பான் பெரியவன், இரண்டடி தள்ளி நிற்கும் தம்பியை வைத்துக்கொண்டு.

"அக்கா, அது அவன் காலுக்குக் கீழதான் கெடக்குன்னு உன் தம்பிகிட்ட சொல்லு," என்பான் சின்னவன். ஒருவனுக்கு இன்னொருவன் தம்பியுமில்லை, அண்ணனுமில்லை. இருவருமே அவளுக்குத்தான் தம்பிகள்.

லோடு இல்லாத நேரமெல்லாம் அக்கா அங்கேதான் கிடந்தாள். கிடந்து, வந்த சொல்லை அப்படியே கடத்தாமல் கொஞ்சம் கழுவித் துடைத்துக் கடத்துவாள். "அந்த முண்டத்தை நகரச் சொல்லு" என்று வந்தால், "கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, அண்ணனுக்கு எடம் போதலயாம்" என்று போய்ச் சேரும். மூன்று வருடமாக ஒரு கெட்ட வார்த்தையைக்கூட அவள் மறுபக்கம் போக விட்டதில்லை. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. ஒருநாள் சுவரைப் பார்த்து, "சோறு ஆயிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். வீட்டுக்காரர் அந்தச் சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

இனி வண்டிக்கு வருவோம். பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும். பிந்தி விழுந்தால் சக்தியெல்லாம் வீணாகி சைலன்சர் வழியாகப் போய் வெடிக்கும், இன்ஜின் கொதிக்கும். டைமிங் என்பது இதுதான். பிஸ்டன் உள்ளே இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்காகத்தான் இன்ஜினின் முன்பக்கத்துப் புல்லியில் ஒரு கோடு இருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் கோடு பக்கத்தில் இருக்கும் முள்ளுக்கு நேராக வரும். கோட்டை நம்பித்தான் பொறியின் நேரத்தை வைப்பார்கள்.

அக்காவின் லாரியில் பழைய புல்லி விரிசல் விட்டுப் போனதால், ஒரு மாதத்துக்கு முன் வேறொரு புல்லியைத் தேடிப்பிடித்து மாட்டினார்கள். அதில் கோடு இல்லை. புதிதாகப் போட வேண்டும். முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு கம்பியை விட்டுப் பெரியவன் பிடித்துக்கொள்வான். சின்னவன் அடியில் மல்லாந்து படுத்து, நீளப்பிடி ஸ்பானரால் இன்ஜினைக் கையால் சுற்றுவான். பிஸ்டன் ஏற ஏறக் கம்பியும் ஏறும். ஏறி நின்றதும் பெரியவன் நிறுத்தச் சொல்ல வேண்டும். சின்னவன் நிறுத்தி, வெள்ளைப் பெயிண்டில் கோடு இழுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிட வேலையைப் பலமுறை செய்து முடித்தும் வண்டி மேடு ஏறவில்லை.

பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்துப் பார்த்தார்கள். கோடு முள்ளுக்கு நேராக, அப்பழுக்கில்லாமல் நின்றது. "டைமிங்ல குத்தமே இல்லன்னு உன் தம்பிகிட்ட சொல்லு." "அதத்தான் நானும் சொல்றேன்னு உன் தம்பிகிட்ட சொல்லு." பாயிண்ட் மாற்றினார்கள், கண்டென்சர் மாற்றினார்கள், பிளக், வயர், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி எல்லாம் மாற்றினார்கள். பெட்ரோலை மோந்து பார்த்தார்கள். சின்னவன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பெரியவன் ஒருநாள் மேட்டையே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மேடு முன்ன மாதிரி இல்லக்கா, ஏதோ பண்ணிட்டாங்க" என்றான். சின்னவன் அதற்குத் தலையாட்டினான். டைமிங்கை விட்டால், மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் மேட்டின் மேல் போட்ட பழிதான்.

ஒன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் கோடு வேறு வேறு இடத்தில் விழுந்தது. புல்லியில் இப்போது ஐந்து வெள்ளைக் கோடுகள் இருந்தன. இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்துவிட்டது, அதனால்தான் என்று முடிவு கட்டி முன்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். செயின் கிண்ணென்று இருந்தது. பெரியவன் தலையைப் பிய்த்துக்கொண்டான். சின்னவன் ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். ஃபேன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் கெடு வைத்த அன்று மதியம், தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். என்ன பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. அழுகை வந்தால் யாரும் பார்க்காத இடமாக இருக்கட்டும் என்றுதான் படுத்தாள். தலைக்கு மேலே அந்த ஐந்து கோடுகள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, சற்றுத் தள்ளி இரண்டு, எங்கேயோ தனியாக ஒன்று.

அந்தத் தனிக்கோடு போட்ட நாள் அவளுக்கு மறக்கவில்லை. மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் போட்டது அது. அன்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. "அந்தக் கழுதையை நிறுத்தச் சொல்லு" என்று பெரியவன் சொன்னதை, "ராசா, அண்ணன் சொல்றான்ப்பா, போதுமாம், கையும் வலிக்கும், நிறுத்திக்கோ" என்று சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. அன்று வண்டி மேட்டில் கால்வாசி கூட ஏறவில்லை.

எல்லாவற்றுக்கும் முந்தி நிற்கும் கோடு எப்போது போட்டது? அவளுக்குக் கடைவாய்ப்பல் வலித்த அன்று. கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், "நிறுத்து" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு வண்டி முக்கால் மேடு ஏறியது.

அக்கா எழுந்து, தெருக்கோடியில் இருந்த தையல் கடைக்கு ஓடினாள். வீட்டுக்காரர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். ஒவ்வொரு கோட்டையும் அளந்தாள். அன்றன்று தான் சொன்ன சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. நீளமான சொல்லுக்குத் தூரமான கோடு. கண்ணே, ராசா என்று ஒவ்வொன்று சேர்த்தபோதும் கோடு விரற்கடை விரற்கடையாக நகர்ந்திருந்தது.

பெரியவன் சொல்லி, அது அவள் காதில் விழுந்து, அவள் அதைக் கழுவித் துடைத்து, சின்னவன் காதில் போட்டு முடிப்பதற்குள் பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் போயிருந்தது. சின்னவன் கை வேகம் அப்படி. உச்சியில் கம்பி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், தாண்டினாலும் சட்டென்று தெரியாது. தெரிந்திருக்குமோ என்னவோ, சொல்ல வேண்டியதைச் சொன்னதுமே பெரியவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அடியில் கிடப்பவனின் கால்கூடக் கண்ணில் படக்கூடாது என்று. செயினில் தப்பில்லை, பெட்ரோலில் தப்பில்லை, மேட்டில் தப்பில்லை. தன்னுடைய நல்ல மனசுதான் தன் வண்டியைக் கெடுத்தது என்று தெரிந்ததும் அக்காவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"ரெண்டு பேரும் வாங்கடா இங்க."

சொன்னாள். கோட்டையும் டேப்பையும் காட்டிச் சொன்னாள். இருவரும் கேட்டார்கள். உண்மைதான் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப நீ இன்னும் வேகமா சொல்லணும்க்கா," என்றான் பெரியவன்.

"ஆமாக்கா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு டக்குனு சொல்லு," என்றான் சின்னவன்.

"நீங்களே பேசித் தொலைங்களேன்டா! ஒரே ஒரு வார்த்தை!"

அது மட்டும் நடக்காது என்றார்கள். விசில் அடிக்கலாமே என்றாள். விசிலும் பேச்சுதான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சின்னவன் கால் கட்டைவிரலில் ஒரு கயிற்றைக் கட்டிப் பெரியவன் இழுக்கலாமே என்றாள். கயிற்றை இழுத்தால் தான் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்றான் பெரியவன். இழுத்துக் கால் அசைந்தால் தான் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றான் சின்னவன். சரி, கம்பியை நானே பிடிக்கிறேன் என்றாள். கம்பியை அக்கா பிடித்தால் அப்புறம் நான் எதற்கு என்று பெரியவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவனை இழுத்து வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேறு மெக்கானிக்கைக் கூப்பிடவும் வழியில்லை, இவர்கள் பிரித்துப் போட்ட வண்டியை அந்த வட்டாரத்தில் எவனும் தொடமாட்டான்.

எதிர்க் கடை டீக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேணா நடுவுல நிக்கட்டுமாக்கா? நீ என்கிட்ட சொல்லு, நான் அவன்கிட்ட சொல்றேன்," என்று உதவிக்கு வந்தார். அக்கா பார்த்த பார்வையில் அவர் கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

அக்கா மறுபடியும் தையல் கடைக்குப் போனாள். இந்தத் தடவை வீட்டுக்காரரின் குண்டூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை. வாய் நிறையக் குண்டூசி இருக்கும்போது மனிதன் எதைப் பேசுவது?

திரும்பி வந்து, "போடுங்க, கடைசித் தடவை," என்றாள். பெரியவன் கம்பியைப் பிடித்தான். சின்னவன் அடியில் படுத்தான். அக்கா நடுவில், தன் இடத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள். தன் வாயை அவள் நம்பவில்லை. மூன்று வருடப் பழக்கம், தானாகத் திறந்துகொள்ளும்.

கம்பி ஏறியது. நின்றது.

"அக்கா, நிறுத்தச் சொல்லு."

அக்கா அசையவில்லை. கம்பி இறங்கியது. சின்னவன் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அக்கா! தாண்டிருச்சு!"

பின்னால் திருப்பவும் கூடாது, செயினில் தளர்வு ஏறிக் கணக்கு கெட்டுவிடும். சுற்றித்தான் வர வேண்டும். சுற்றி வந்தது. கம்பி மறுபடி ஏறியது, நின்றது, இறங்கியது. "அக்கா, அவன் காதுல விழலியான்னு கேளு," என்றான் பெரியவன். "அக்கா, இன்னும் வரலியான்னு கேளு," என்றான் சின்னவன் அடியிலிருந்து. அக்கா குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கம்பி ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. பெரியவன் கெஞ்சினான், மிரட்டினான், "உனக்கு என்னக்கா ஆச்சு" என்று குரல் கம்மக் கேட்டான். அக்காவின் வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. ஒரு குண்டூசி உதட்டைக் குத்தி ரத்தம் வந்தது. அவள் சொல்லவில்லை.

வெயில் சாய்ந்து, ஒர்க்‌ஷாப்புக்குள் நிழல் நீண்டது. சின்னவன் கை தளர்ந்துவிட்டது. சுற்று மெதுவாகியிருந்தது.

"அக்கா," என்றான் அவன் அடியிலிருந்து. "கை விட்டுப் போச்சுக்கா. முடியல."

அந்தக் குரல் யாரும் கழுவித் துடைக்காமல் நேராக மேலே வந்தது. பெரியவன் அதைக் கேட்டான். சின்னவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த நாளில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு அழுதானே, அதே குரல். கம்பி ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது. நின்றது.

"டேய், போதும்டா தம்பி," என்றான் பெரியவன். "நிறுத்து."

அந்தக் கணமே நின்றது.

டீக்கடையில் யாரோ கிளாஸைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அடியிலிருந்து, "சரிண்ணே," என்று பதில் வந்தது. பெயிண்ட் பிரஷ் எடுக்கும் சத்தம் வந்தது. கோடு அந்த ஐந்துக்கும் முன்னால், பெயிண்டே படாத ஒரு சுத்தமான இடத்தில் விழுந்தது.

பொறியின் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரை அந்தக் கோட்டுக்கு ஏற்றபடி திருப்பி, சாவியைப் போட்டதும் இன்ஜின் முதல் தட்டிலேயே பிடித்தது. வெடிக்கவில்லை, இருமவில்லை. இருவரும் பானெட்டின் இரண்டு பக்கமும் நின்று கேட்டார்கள். பெரியவன் தொண்டையைக் கனைத்தான். சின்னவன் கையைத் துடைத்தான். இனி என்ன, கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று டீக்கடைக் கூட்டம் எட்டிப் பார்த்தது.

"குமிழைப் புடுங்கினது நீதாண்டா," என்றான் பெரியவன்.

"நீ அழுத்துன அழுத்துலதான் அது கையோட வந்துச்சு!"

இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்று வருடமாக அக்கா தடுத்து வைத்திருந்த முண்டமும் கழுதையும் மடையனும் அன்று மொத்தமாக வெளியே வந்து நேரடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா குண்டூசிகளை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். அவ்வளவு இனிமையான சண்டையை அவள் கேட்டதேயில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஏலக்கூடத்தில் வாளிகளோடு காத்திருந்தார்கள். பின்பலகையைத் திறந்ததும் உள்ளே பாளம் பாளமாக ஐஸ், ஏற்றின மாதிரியே, மூலைகூட மழுங்காமல் கிடந்தது. ஸ்கூட்டர்க்காரர் ஒரு பாளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது?" என்று கேட்டார்.

"ஐஸ்," என்றாள் அக்கா.

"அப்ப வண்டி கழுவறது?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். அக்கா இறக்கச் சொன்னாள்.

திரும்பி வரும்போது காலி வண்டியை ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி இறங்கினாள். மேனேஜர் போனில் "நாளைக்கும் வந்துடுங்கம்மா" என்று சொன்னதைச் சொல்ல வேண்டும். உள்ளே இருவரும் எதையோ பிரித்துப் போட்டுக்கொண்டு, இடைவிடாமல் வாய்ச்சண்டை போட்டபடி வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஃபேனைச் சுவரிலிருந்து திருப்பியிருந்தார்கள். யார் திருப்பியது என்பதுதான் சண்டை போலிருந்தது.

"லோடு ஐஸாவே போயிடுச்சு," என்றாள்.

"தெரியும்," என்றான் பெரியவன். "மேட்டுல நீ ஏறுற சத்தத்தைக் கேட்டோம்." கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "அக்கா, சாப்பிட்டியா?"

அக்கா சட்டென்று சின்னவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அண்ணன் கேக்கறான்ப்பா, சாப்பிட்டியாம்."

சின்னவன் அவளைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "உன்னைத்தான் கேக்கறான்."

அவள் வாசலிலேயே நின்றாள். இந்த மூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஒரு நாளைக்கு நூறு தடவை அக்கா அக்கா என்று கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒன்றுகூட அவளுக்கென்று வந்ததில்லை. இப்போது வந்த ஒன்றை வாங்கி எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் கலங்கியது, அவள் அதைத் துடைக்கவில்லை.

இன்னும் இல்லை என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.